ஊரே புகழும் பேஸ் கருவி, கைக்கு வந்ததும் ஏன் ஏமாற்றுகிறது?

1 மார்ச் 2024 | கேள்வி

"கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்று எல்லாரும் சொன்ன ப்ரீஆம்ப் பெடலை, அதாவது பேஸ் கிட்டாரின் ஒலியை ஆம்புக்குப் போவதற்கு முன்னால் மாற்றும் பெட்டியை, வாங்கினேன். வீட்டில் தனியாக வாசித்தால் ஸ்டுடியோவில் பதிவு செய்த மாதிரி இருக்கிறது. குழுவோடு வாசிக்கும்போது டிரம்ஸும் இரண்டு கிட்டாரும் தொடங்கியதுமே நான் காணாமல் போய்விடுகிறேன். ஒலியைக் கூட்டினால் அறை அதிர்கிறது, ஆனால் என்ன சுரம் வாசிக்கிறேன் என்று யாருக்கும் தெரிவதில்லை. பெடலில் கோளாறா? இப்படிப் பேர் பெற்று, கைக்கு வந்ததும் ஏமாற்றிய பொருட்கள் உங்களிடமும் உண்டா?

2 மார்ச் 2024, இரவு 10.40 | பதில்

பெடலில் கோளாறு இருக்க வாய்ப்பில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் எனக்கும் இதே கதை நடந்தது. நான் வாங்கியது வேறு பெட்டி, பெயர் வேண்டாம். வாங்கிய அன்று விடிய விடிய ஹெட்ஃபோனில் வாசித்தேன். ஈ தந்தியைத் தட்டினால் தரைக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி ஓர் அதிர்வு, அதற்கு மேலே கண்ணாடிச் சில்லு மாதிரி ஒரு கணகணப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

அந்த நடுவில்தான் பேஸ் குடியிருக்கிறது. நான்கு தந்தி பேஸில் திறந்த ஈ தந்தியின் அடிப்படை அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ், திறந்த ஜி தந்தி 98. கிக் டிரம்மின் உதை விழுவதும் ஏறத்தாழ அந்த இடத்தில்தான். மேலே போனால் சிம்பலும் கிட்டார்களின் கரகரப்பும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மிச்சம் இருப்பது 200 ஹெர்ட்ஸிலிருந்து ஆயிரம் வரைக்கும். நீங்கள் வாசிப்பது எந்தச் சுரம், எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பதைக் காது அங்கே வரும் ஹார்மோனிக்குகளை (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளை) வைத்துத்தான் பிடித்துக்கொள்கிறது. அதை வெட்டி எடுத்துவிட்டால் குழுவுக்குள் வெறும் உறுமல்தான் மிஞ்சும்.

பிரபலமான பேஸ் ப்ரீஆம்ப்கள் பலவற்றில் இந்த மிட் வெட்டு, அதாவது நடு ஒலியைக் குறைப்பது, உள்ளேயே வைத்துக் கட்டப்பட்டிருக்கிறது. எல்லா நாபும் (திருகும் குமிழும்) கடிகார முள் மாதிரி நேராக 12 மணியைக் காட்டினாலும் ஒலி சமமாக இருப்பதில்லை. டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் உலகம் முழுக்க ஓடிய பெட்டி. அதன் முதல் வடிவத்தில் மிட் நாபே கிடையாது. இரண்டாம் வடிவத்தில்தான் சேர்த்தார்கள். தனியாகக் கேட்கும்போது மிட் இல்லாத ஒலி மயக்கும். வாங்கப் போகிறவரும், காணொளி பார்ப்பவரும் தனியாகத்தான் கேட்கிறார்கள். புகழ் அங்கே உருவாகிறது, ஏமாற்றம் பயிற்சி அறையில் காத்திருக்கிறது.

2 மார்ச் 2024, இரவு 11.05

செய்ய வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பெடலில் மிட் நாப் இருந்தால் முதலில் அதை ஏற்றுங்கள். இல்லையென்றால் பேஸ் (அடி ஒலி), ட்ரெபிள் (மேல் ஒலி) நாப் இரண்டையும் 10 மணிக்கு இறக்கிவிட்டு லெவலைக் கூட்டுங்கள். மிட்டை ஏற்றியதற்கு அது கிட்டத்தட்டச் சமம். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி இருக்கும். பயப்படாமல் அப்படியே குழுவோடு வாசியுங்கள்.

3 மார்ச் 2024, காலை

தூங்கி எழுந்ததும் இன்னொன்று தோன்றியது. நீங்கள் வீட்டில் எவ்வளவு சத்தமாக வாசிக்கிறீர்கள்?

ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெச்சரும் மன்ஸனும் 1933இல் வெளியிட்ட ஆய்வு இன்றைக்கும் நம் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. சத்தம் குறைவாக இருக்கும்போது மனிதக் காதுக்கு அடி ஒலி சரியாகக் கேட்காது. சத்தம் ஏற ஏற அந்தக் குறை சரியாகிக்கொண்டே வரும். வீட்டில் மெதுவாக வாசிக்கும்போது குறையை ஈடுகட்ட பேஸ் நாபைத் திருகிவிடுகிறோம். அதே அமைப்போடு மேடைக்குப் போனால், சத்தம் ஏறியதால் காதே அடி ஒலியை முழுசாகக் கேட்கிறது, நாம் திருகியது அதன்மேல் கூடுதலாக வந்து உட்கார்கிறது. அறை அதிர்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அது இதுதான். வீட்டு அமைப்பு ஒன்று, குழு அமைப்பு ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் பெடலின் விளிம்பில் வெள்ளைப் பேனாவால் புள்ளி வைத்திருக்கிறேன். குழுவுக்கான புள்ளிகள் எல்லாமே வீட்டுப் புள்ளிகளுக்கு இடப்பக்கம் இருக்கின்றன, மிட் ஒன்றைத் தவிர.

3 மார்ச் 2024, மாலை

"அப்படியானால் கூடுதல் வாட்ஸ் உள்ள ஆம்ப் வாங்கினால் சரியாகிவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்.

வாட்ஸ்தான் பேஸ் உலகத்தில் அதிகமாக ஏமாற்றும் எண். சக்தியை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல். கவனித்துக் கேட்டால் தெரிகிற வித்தியாசம், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமென்றால் ஏறத்தாழ பத்து மடங்கு சக்தி வேண்டும். 300 வாட்ஸிலிருந்து 500க்குப் போனவர்கள் எதுவும் மாறவில்லையே என்று புலம்புவதற்கு இதுதான் காரணம்.

நான் அந்தப் புலம்பலைப் புலம்பியவன். ஒரு கையில் தூக்கிக்கொண்டு போகிற டி கிளாஸ் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்), முகப்பில் 500 என்று பெரிதாக அச்சடித்திருக்கும். என் கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) 8 ஓம். அந்த 500 வாட்ஸ் 4 ஓம் சுமைக்குத்தான் கிடைக்கும். 8 ஓம் கேபினெட் ஒன்றை மட்டும் மாட்டினால் வருவது கிட்டத்தட்ட 300. பின்பக்கம் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள், நான்தான் பார்க்கவில்லை. பிறகு அதே மாதிரி இன்னொரு 8 ஓம் கேபினெட்டைச் சேர்த்ததும் (இரண்டும் சேர்ந்தால் 4 ஓம்) கதையே மாறியது. ஆம்ப் முழுச் சக்தியைக் கொடுத்தது, அதைவிட முக்கியமாகக் காற்றைத் தள்ளும் ஸ்பீக்கர்களின் பரப்பு இரட்டிப்பானது. பணம் இருந்தால் ஸ்பீக்கருக்குச் செலவழியுங்கள்.

5 மார்ச் 2024

ஸ்பீக்கர் என்றதும் ஆம்பெக் எஸ்விடி ஆம்பைப் பற்றிக் கேட்கிறார்கள். 1969இல் வந்தது, வால்வில் 300 வாட்ஸ். பத்து இன்ச் ஸ்பீக்கர் எட்டு வைத்த, முழுக்க மூடிய கேபினெட் அதன் ஜோடி. மேடைப் படங்களில் குளிர்சாதனப் பெட்டி மாதிரி நிற்குமே, அதுதான். எடை 60 கிலோவுக்கு மேல்.

இதை வாங்கியவர்களில் சிலர் "எதிர்பார்த்த அளவு அடி ஒலி இல்லை" என்கிறார்கள். அது உண்மை. மூடிய பெட்டியும் சின்ன ஸ்பீக்கர்களும் சேர்ந்தால் 41 ஹெர்ட்ஸுக்கு வருவதற்கு முன்பே ஒலி சரியத் தொடங்கிவிடும். அந்தப் பெட்டியின் பலம் நடு ஒலி. நெஞ்சில் வந்து குத்தும், ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கும். குகைக்குள் இடி இடிக்கிற ஒலிக்காக இதை வாங்குகிறவர் நிச்சயம் ஏமாறுவார். குழுவுக்குள் கேட்க வேண்டும் என்பவருக்கு இது வரம், தூக்குவதற்குக் கூட நாலு பேர் இருந்தால்.

6 மார்ச் 2024

சரி, இப்போது பேஸ்களுக்கே வருகிறேன். ஒரு வாரமாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கிப்ஸன் தண்டர்பேர்ட். 1963இல் வந்தது. இவ்வளவு அழகான வடிவத்தை நான் வேறு எந்த பேஸிலும் பார்த்ததில்லை, இன்றைக்கும் படத்தைப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் பட்டையில் மாட்டிக் கையை எடுத்துப் பாருங்கள், தலை தரையை நோக்கிப் போகும். காரணம் எளிது. ஃபெண்டர் பேஸில் மேல் கொம்பு நீண்டு கிட்டத்தட்ட 12ஆவது ஃப்ரெட் (நெக்கில் குறுக்கே பதித்த கம்பி) வரைக்கும் வருகிறது, பட்டையின் பிடி அங்கே இருப்பதால் எடை இரண்டு பக்கமும் பங்காகிறது. தண்டர்பேர்டில் அந்த நீண்ட கொம்பு கிடையாது. பிடி உடலின் பக்கமாகவே ஒதுங்கிவிடுகிறது, நெக்கைத் தாங்க ஆளில்லை. இடது கைதான் தாங்குகிறது. இரண்டு மணி நேரக் கச்சேரியில் நெக்கைத் தாங்குகிற கையால் சுரத்தையும் சரியாக அழுத்துவது பெரிய வேதனை. உள்பக்கம் சொரசொரப்பான அகலமான தோல் பட்டை, எடை குறைந்த டியூனர்கள் (தலையில் தந்தியை முறுக்கும் திருகுகள்), பிடியை இடம் மாற்றுவது என்று மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றுமே ஓரளவுக்குத்தான் உதவும்.

ரிக்கன்பேக்கர் 4001, 4003. அந்த ஒலிக்கு ஈடு கிடையாது. ஆனால் ஃபெண்டரில் கை பழகியவருக்கு முதல் நாளே சங்கடம். வலது கை உட்காரும் இடத்தில் தந்தி வந்து முடியும் பிரிட்ஜ் பக்கத்து பிக்கப்பின் (தந்தியின் அதிர்வை மின் சைகையாக்கும் சுருளின்) உலோக மூடி நிற்கிறது, உடலின் விளிம்பு முன்கையில் கோடு போடுகிறது. அப்புறம் இன்னொன்று: பழைய 4001இல் பிரிட்ஜ் பிக்கப்பின் வழியில் 0.0047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று உண்டு. அடி ஒலியைத் தடுத்து மேல் ஒலியை மட்டும் விடும். அந்த பிக்கப்பை மட்டும் வைத்து வாசித்து "ஒல்லியாக இருக்கிறதே" என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. அந்தக் கெபாசிட்டர்தான் இரண்டு பிக்கப்பும் சேரும்போது வரும் தனி முழக்கத்துக்கும் காரணம். அது பழுது என்று நினைத்துப் பிடுங்கிவிட்டு, பிறகு திரும்பப் போட வழி தேடியவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

ஹாஃப்னர் 500/1, வயலின் வடிவ பேஸ். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்கில் வாங்கியது. அந்த முதல் பேஸ் 1972இல் திருடுபோய், ஐம்பது வருடத்துக்கு மேல் கழித்து அவரிடமே வந்து சேர்ந்த செய்தி போன மாதம்தான் வந்தது, எல்லாரும் படித்திருப்பீர்கள். படித்துவிட்டு இப்போது பலர் அதை வாங்கப் போகிறார்கள், அதனால் சொல்லிவைக்கிறேன். உள்ளே வெற்றிடம், இறகு மாதிரி எடை. தந்தி நீளம் சுமார் 30 இன்ச்தான், வழக்கமான 34 இல்லை. சத்தமான குழுவில் எளிதாக ஃபீட்பேக் எடுக்கும், அதாவது ஸ்பீக்கர் ஒலி திரும்பப் புகுந்து ஊளையிடும். சுரம் கொழுத்து ஒலித்து உடனே அடங்கும். மெல்ல வாசிக்கும் இசைக்கு அது அமிர்தம். கனமான ராக் வாசிப்பவர் அதிலிருந்து இழுத்து நீட்டும் சுரத்தை எதிர்பார்த்தால் மனம் உடைவார்.

6 மார்ச் 2024, பின்னிரவு

எழுதியதைத் திரும்பப் படித்தேன். மூன்று பேஸ்களையும் திட்டியது மாதிரி ஆகிவிட்டது. எனக்கு மூன்றின் மேலும் பிரியம் உண்டு. மேடையில் நிற்கும் ஒருவரின் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கும்போது, அவர் கை அந்தக் கருவியோடு எத்தனை வருடம் பழகியது என்பது படத்தில் தெரிவதில்லை. அந்த வருத்தத்தில் எழுதிவிட்டேன்.

9 மார்ச் 2024

ஜாஸ் பேஸ் பற்றிய புகாருக்கு: "பிக்கப் இரைகிறது. ஒரு வால்யூமைக் குறைத்தால் இரைச்சல், இரண்டையும் முழுசாக வைத்தால் அமைதி, ஆனால் ஒலி வெளுத்துப்போகிறது."

இரண்டுமே அதன் பிறவிக் குணம், 1960இலிருந்தே. இரண்டு பிக்கப்பும் ஒற்றைச் சுருள். ஒன்று எதிர்த்திசையில் சுற்றப்பட்டு, காந்தமும் தலைகீழாக வைக்கப்பட்டிருக்கும். இரண்டும் முழுசாகத் திறந்திருந்தால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும். கூடவே தந்தியை இரண்டு வேறு இடங்களில் கேட்பதால் நடு ஒலியில் கொஞ்சமும் மறையும். மறுபடியும் அதே மிட் வெட்டுதான், பெடல் இல்லாமலே! முன் பிக்கப்பை முழுசாக வைத்து, பின் பிக்கப்பை ஒரு மயிரிழை குறைத்துப் பாருங்கள். உடல் திரும்ப வரும், இரைச்சலும் லேசாக வரும். டிரம்ஸ் வாசிக்கும்போது அந்த இரைச்சலை யாரும் கேட்கப்போவதில்லை.

9 மார்ச் 2024, மாலை

அடுத்தது கனமான பிரிட்ஜ். ஃபெண்டரின் பழைய பிரிட்ஜ் ஒரு வளைத்த தகடு, அவ்வளவுதான். அதைக் கழற்றிவிட்டு உருக்கி வார்த்த கனமான பிரிட்ஜ் போட்டால் சுரம் நீளும், ஒலி தடிக்கும் என்பது நான் வாசிக்கத் தொடங்கிய காலத்திலிருந்து கேட்கும் பேச்சு. நானும் போட்டேன். போட்டதும் "ஆகா, என்ன ஒலி" என்று ஊரெல்லாம் சொன்னேன்.

இரண்டு வருடம் கழித்துத்தான் ஒன்று புரிந்தது. பிரிட்ஜ் மாற்றிய அன்றே தந்தியையும் புதிதாக மாற்றியிருந்தேன். சந்தேகம் வந்ததும் உட்கார்ந்து சோதித்தேன். ஒரே செட் தந்தி, ஒரே உயரம், கேபிளை நேராக ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகினேன். தகடு பிரிட்ஜோடு நாலு வரி, கனமான பிரிட்ஜோடு அதே நாலு வரி. கோப்புகளின் பெயரை மறைத்துவிட்டு என் தம்பியைப் போட்டுக்காட்டச் சொன்னேன். பத்துத் தடவையில் ஐந்து சரி, ஐந்து தப்பு. அன்றைக்கு நான் கேட்டு வியந்ததெல்லாம் புதுத் தந்தியின் ஒலி.

தகடு பிரிட்ஜைக் குறை சொல்பவர்கள் பேஸ் மேதைகள் ஜேம்ஸ் ஜேமர்ஸனையும் ஜாகோ பாஸ்டோரியஸையும் நினைத்துக்கொள்ளட்டும். இருவரும் வாசித்தது 1962ஆம் வருட ஃபெண்டர், ஒருவர் பிரிசிஷன், ஒருவர் ஜாஸ்.

10 மார்ச் 2024

திருத்தம். கனமான பிரிட்ஜால் பயனே இல்லை என்கிற தொனியில் எழுதிவிட்டேன், அது நியாயமில்லை. உடல் பக்கம் எடை கூடியதால் என் பேஸின் தலை சாய்வது குறைந்தது, அது நிஜமாகவே உதவியது. தந்திக்குப் பள்ளமும் ஆழமாக இருப்பதால் பலமாக அடிக்கும்போது தந்தி இடம் நழுவுவதில்லை. ஒலிக்காக வாங்காதீர்கள், அவ்வளவுதான் சொல்ல வருவது.

14 மார்ச் 2024

இன்றைக்கு எழுதப்போவது எனக்கு ரொம்ப நாள் வலித்த விஷயம். செத்த சுரம்.

பல வருடம் சேர்த்து, பெரிய பெயர் கொண்ட நிறுவனத்தின் உயர்ந்த வரிசை பேஸ் ஒன்றை வாங்கினேன். மேப்பிள் நெக், பளபளப்பு, தொட்டால் கை வழுக்கும். வாங்கி மூன்றாம் நாள், மெதுவான பாட்டு ஒன்றுக்கு ஜி தந்தியில் ஐந்தாவது ஃப்ரெட்டை அழுத்தி சி சுரத்தை நீட்டினேன். டும் என்று வந்தது, உடனே யாரோ விரல் வைத்து அணைத்த மாதிரி உள்ளே போய்விட்டது. நாலாவது ஃப்ரெட்டில் சுரம் நீண்டு நிற்கிறது. எட்டாவதில் நீண்டு நிற்கிறது. ஐந்தில் மட்டும் இரண்டு விநாடிகூடத் தாங்கவில்லை. ஃப்ரெட் கோளாறு என்று நினைத்து லேசாகச் சுத்தியால் தட்டிப் பார்த்தேன். தந்தி மாற்றினேன். பிக்கப்பைத் தாழ்த்தினேன். பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன், அவர் நெக்கை நிமிர்த்தி, ஃப்ரெட்டை உரசிக் கொடுத்தார். சி அப்படியே செத்துக்கிடந்தது.

அது பழுதே இல்லை என்று தெரிந்துகொள்ள ஒரு வருடம் ஆனது. நெக்கும் ஒரு மரத்துண்டு, அதற்கும் தானாக அதிர விரும்பும் அதிர்வெண்கள் உண்டு. நீண்ட நெக், அதன் முனையில் டியூனர்களின் எடை. நான்கு டியூனரும் ஒரே பக்கம் வைத்த நெக்குகளில் அந்த அதிர்வெண்களில் ஒன்று பெரும்பாலும் ஜி தந்தியின் ஐந்து முதல் ஏழாவது ஃப்ரெட் வரை உள்ள சுரங்களுக்குப் பக்கத்தில் வந்து விழுகிறது. ஐந்தாவது ஃப்ரெட் சி 130.8 ஹெர்ட்ஸ். தந்தியும் நெக்கும் அங்கே ஒத்துப்போனால், தந்தியின் சக்தியை நெக் உறிஞ்சிக்கொள்ளும். அடிப்படை அதிர்வு சட்டென்று அடங்கி, மேல் ஹார்மோனிக் மட்டும் மெலிதாக ஒலிக்கும். பேஸ் தலையை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு வேறொருவரை அந்தச் சுரத்தைத் தட்டச் சொல்லுங்கள், சுரம் நீளுவது தெரியும்.

விலைக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. அதுதான் நெஞ்சைச் சுட்டது. என் பழைய, தேய்ந்த பேஸில் அந்த இடம் இவ்வளவு மோசமில்லை.

14 மார்ச் 2024, இரவு

தீர்வு கேட்கிறார்கள். தலையில் மாட்டும் எடைக் கவ்விகள் கிடைக்கின்றன. மாட்டினால் நெக்கின் அதிர்வெண் இறங்கும், செத்த இடம் ஒரு ஃப்ரெட் தள்ளிப்போகும். ஒழியாது, இடம் மாறும். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் விழுந்தால் தப்பித்தோம். எடை குறைந்த டியூனர் போட்டால் எதிர்த்திசையில் நகரும். 1980 வாக்கில் ஸ்டைன்பெர்கர் தலையில்லாத பேஸைக் கார்பன் இழையில் செய்தபோது நெக் மிக விறைப்பானது, தலையின் எடையும் போனது. அவற்றில் சுரங்கள் ஒரே சீராக நிற்பதற்கு அது முக்கியக் காரணம். ஆனால் அந்தச் சீரே பிடிக்காமல் மரத்துக்குத் திரும்பியவர்களும் உண்டு.

17 மார்ச் 2024

ஐந்து தந்தி பேஸ். கீழே பி தந்தி, 31 ஹெர்ட்ஸ். "பி தந்தி கயிறு மாதிரி தொங்குகிறது, சுரமே தெரியவில்லை" என்ற ஏமாற்றம் ரொம்பப் பொதுவானது.

இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. ஒன்று, 34 இன்ச் நீளத்தில் அந்தச் சுரத்துக்கு இறங்க வேண்டுமானால் தந்தி தடித்தாக வேண்டும், அல்லது தளர்ந்தாக வேண்டும். டிங்வால் பேஸ்களில் ஃப்ரெட்டுகளை விசிறி மாதிரிச் சாய்த்து பி தந்திக்கு 37 இன்ச், ஜி தந்திக்கு 34 என்று வைத்தது இதற்காகத்தான். இரண்டாவது, நம்முடைய கேபினெட்டுகளில் பெரும்பாலானவை 31 ஹெர்ட்ஸைச் சரியாக ஒலிப்பதே இல்லை. 62, 93, 124 என்று அதன் மடங்குகளைக் கேட்டு, அடியில் 31 இருப்பதாக மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. பேஸ் நாபைத் திருகினால் ஸ்பீக்கர் கோன் வெளியே துள்ளுமே தவிர சுரம் வராது. நடு ஒலியை ஏற்றினால் பி தந்தி கேட்கத் தொடங்கும். எங்கே சுற்றினாலும் அதே இடத்துக்குத்தான் வருகிறேன்.

18 மார்ச் 2024

ஆக்டிவ் பேஸைப் (உள்ளேயே பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் உள்ளது) பற்றி ஒரே ஒரு அனுபவம். கச்சேரி நடுவில் ஒலி கரகரத்து, மூன்று நிமிடத்தில் அடங்கிவிட்டது. கேபிள், பெடல், ஆம்ப் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். காரணம் 9 வோல்ட் பேட்டரி. முந்தின இரவு கேபிளைச் செருகியபடியே சுவரில் சாய்த்துவிட்டுத் தூங்கியிருந்தேன். ஜாக் செருகியிருக்கும்வரை ப்ரீஆம்ப் பேட்டரியைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். 1976இல் மியூசிக் மேன் ஸ்டிங்ரே ஆக்டிவ் ப்ரீஆம்போடு வந்து பெரிய வெற்றி பெற்றதிலிருந்து இந்த மறதி தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. பேஸ் பையில் ஒரு புதுப் பேட்டரி, வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டி வைத்திருங்கள்.

23 மார்ச் 2024

இப்போது ஃப்ளாட்வவுண்ட் தந்தி, தட்டையான கம்பி சுற்றியது. என் கருத்து இதில் தலைகீழாகப் புரண்டது.

ஜேமர்ஸன் லா பெல்லா ஃப்ளாட்வவுண்ட் போட்டு, பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஸ்பாஞ்ச் வைத்து, வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே அத்தனையையும் வாசித்தார். தந்தி அறுந்தால்தான் மாற்றுவார். இதையெல்லாம் படித்து ஒரு செட் வாங்கிப் போட்டேன். போர்வைக்குள் இருந்து யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. விறைப்பு வேறு அதிகம். நெக் முன்னால் வளைந்து, நெக்குக்குள் இருக்கும் டிரஸ் ராட் கம்பியைக் கால் சுற்று இறுக்க வேண்டியிருந்தது. இரண்டு வாரம் பொறுத்தேன், கழற்றி உறையில் போட்டு மூடிவிட்டேன். நிறைய பேரிடம் "வீண் செலவு" என்றே சொல்லியிருக்கிறேன்.

நாலு வருடம் கழித்து ஒரு பதிவு. பாட்டுக்கு என் பளபளப்பான ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய தந்தி) ஒத்துவரவில்லை. ஒவ்வொரு தடவை கை நகரும்போதும் தந்தியின் சுருளில் விரல் உரசி கீச் கீச் என்ற சத்தம் பதிவில் விழுந்தது. பாடுபவரின் குரலோடு மோதியது. பதிவு செய்தவர் டோன் நாபை மூடிப் பார்த்தார், சரிப்படவில்லை. உறையில் கிடந்த பழைய செட்டை வீட்டிலிருந்து எடுத்துவந்து மாட்டினேன். முதல் வரி முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கையைத் தூக்கிக் காட்டினார். கிக் டிரம் விழும் இடத்திலேயே சுரமும் விழுந்து, வட்டமாக, முழுசாக நின்றது. அந்த செட் இன்னும் அதே பேஸில்தான் இருக்கிறது.

23 மார்ச் 2024, பின்னிரவு

அதற்காக ரவுண்ட்வவுண்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 1966இல் தி ஹூ குழுவின் பேஸ் வாசிப்பாளர் ஜான் என்ட்விஸிலோடு சேர்ந்து ரோட்டோசவுண்ட் உருவாக்கிய சுருள் தந்தி இல்லையென்றால் பியானோ மாதிரி ஒலிக்கும் பேஸ் என்ற ஒன்றே கிடைத்திருக்காது. பிரகாசம் போய்விட்டதே என்று வருந்துபவர்கள் தந்தியைக் கழற்றிப் பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்கவையுங்கள். சுருளுக்குள் அடைந்த அழுக்கு கலங்கி மேலே மிதக்கும். துடைத்துக் காயவைத்து மாட்டினால் சில நாளைக்குப் புதுசு மாதிரி இருக்கும். பதிவுக்கு முந்தின இரவு இது எனக்குக் கைகொடுத்திருக்கிறது.

26 மார்ச் 2024

சின்னச் சின்னதாக இரண்டு. கிட்டாருக்குச் செய்த, ஒலியைக் கரகரக்க வைக்கும் ஃபஸ் பெடலைப் பேஸில் போட்டால் அடி ஒலியும் நடு ஒலியும் கரைந்துவிடும், தனியாகக் கேட்டால் மட்டும் கோபமாக இருக்கும். சுத்தமான ஒலியைக் கலக்கும் நாப் உள்ளதைத் தேடுங்கள். தலையில் கவ்வும், சுருதி காட்டும் டியூனர் ஈ தந்தியில் தடுமாறினால் 12ஆவது ஃப்ரெட்டின் மேல் விரலை லேசாகத் தொட்டு ஹார்மோனிக்கை ஒலிக்கவிட்டுச் சுருதி சேருங்கள். உடனே பிடித்துக்கொள்ளும்.

2 ஏப்ரல் 2024

கேள்வி கேட்டவர் பயிற்சியில் கைபேசியில் பதிவு செய்ததை அனுப்பியிருக்கிறார். பேஸ், ட்ரெபிள் இரண்டும் 10 மணி, லெவல் 2 மணி, அதே பெடல்.

மூன்று தடவை கேட்டேன். கைபேசியின் சின்ன ஸ்பீக்கரிலேயே உங்கள் ஒவ்வொரு சுரமும் தெரிகிறது. கிக் டிரம்மை நீங்கள் விட்டு விலகி வாசிக்கும் இடங்கள்கூடத் தெரிகின்றன. ரொம்ப சந்தோஷம். பெடலை விற்காதீர்கள்.

ஒன்றே ஒன்று. இரண்டாவது சரணத்தின் முடிவில் நீட்டும் சி மட்டும் சீக்கிரம் அடங்கிப்போகிறது. ஜி தந்தியில் ஐந்தாவது ஃப்ரெட்டில்தான் வாசிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதே சுரம் டி தந்தியில் பத்தாவது ஃப்ரெட்டில் இருக்கிறது. அடுத்த பயிற்சியில் அங்கே வாசித்து, இன்னொரு பதிவு அனுப்புங்கள்.